நூலும் நிறையும்

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருவோர் பெரும்பாலும் கோட்டையைக் காணவே வருகின்றனர். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட காலத்தில் வீழ்ந்து, 1801-இல் ஊமைத்துரை சிறை மீண்டு வந்தபோது சில நாள்களிலேயே மக்களால் திரும்ப எழுப்பப்பட்டு, அதே ஆண்டில் மறுபடியும் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை அது. இன்று அங்கு நிற்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அதனைக் கண்டு திரும்புவோர் வழியிலுள்ள சிற்றூர்களில் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்திக் காண அங்கு என்ன உண்டு? கரிசல் காடு, அறுவடை முடிந்த மக்காச்சோளத் தட்டை, சீமைக் கருவேலம், ஒரு தேநீர்க் கடை.

அத்தகைய ஒரு சிற்றூரில் 2021 முதல் 2025 வரை நான்கு ஆண்டுகள் நாம் பங்குப் பணியாற்றினோம். அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிச் சாலையைப் பார்த்தபடி ஓர் ஓட்டுக் கட்டடம் உண்டு. முன்னொரு காலத்தில் பங்கின் தொடக்கப் பள்ளி அதிலேதான் நடந்தது. பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறிய பின், நமக்கு முன்பிருந்த பங்குத் தந்தை ஒருவர் அதனைக் கதர்ப் பணி செய்யும் சங்கம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாசலில் 'கதர் நூல் கொள்முதல் நிலையம்' என்று பலகை தொங்கும். ஊரார் அப்படிச் சொல்வதில்லை; அவர்களுக்கு அது 'நூல் கடை'. முன்பக்கத்து அலமாரியில் துண்டு, வேட்டி, சோப்பு, பூக்கட்டும் நூல் ஆகியவை விற்பனைக்கு இருக்கும். பின்பக்கத்தில்தான் உண்மையான தொழில் நடக்கும். சுற்று வட்டாரப் பெண்கள் தங்கள் வீட்டு இராட்டையில் நூற்ற நூலை அங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த தவணைக்குப் பஞ்சுப் பட்டை வாங்கிச் செல்வர்.

அக்கட்டடத்தின் மாத வாடகை 600 ரூபாய். இந்த எண்ணிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகைக்கடன் வழங்கும் தனியார் நிறுவனம் ஒன்று அந்த இடத்தைக் கேட்டது. சாலையோர இடம், பேருந்து நிற்கும் இடம், அவர்களுக்கு அது தேவைப்பட்டது. மாதம் 14,000 ரூபாய் வாடகையும், பத்து மாத வாடகையை முன்பணமாகவும் தருவதாகச் சொன்னார்கள். அதே வேளையில் நம் பள்ளியில் மாணவியர்க்குப் போதிய கழிப்பறை இல்லை. இருந்த இரண்டில் ஒன்று கதவில்லாமல் கிடந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிட்டு மாலையில் தலைவலியோடு வீடு திரும்புகிறார்கள் என்று தலைமையாசிரியை நம்மிடம் சொல்லியிருந்தார். புதிதாகக் கட்ட மூன்று இலட்சத்துக்கு மேல் செலவாகும். முன்பணம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் கிடைத்தால் உடனே அடித்தளம் போட்டுவிடலாம்.

நூல் கடையை நம்பி முப்பத்தொரு பெண்கள் இருந்தனர். அவர்களை மறந்துவிட்டோம் என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கும் ஒரு கணக்குப் போட்டோம். அப்போது ஒரு சிட்டத்துக்கு நூற்புக் கூலி 7 ரூபாய் 50 காசு. நடுத்தரக் கையுள்ளவர் நாளுக்குப் பன்னிரண்டு சிட்டம் நூற்றால் 90 ரூபாய். மாதத்தில் இருபது நாள் உட்கார்ந்தால் 1,800 ரூபாய். நூற்பவர்களுள் மிகவும் வறியவர் பத்துப் பேருக்கு மாதம் 500 ரூபாய் உதவித்தொகை கொடுத்துவிட்டாலும், புது வாடகையில் 9,000 ரூபாய் மிஞ்சும். ஏனையோர்க்கு நூறு நாள் வேலை உண்டு. தீப்பெட்டி ஆலை உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தோம். கணக்கில் பிழையே இல்லை. மார்ச் இறுதிக்குள் இடத்தைக் காலி செய்து தருமாறு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதனை நேரில் கொடுப்பதே மரியாதை என்று கருதி, சனவரி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் நூல் கடைக்குச் சென்றோம்.

புதன்கிழமை நூல் எடுக்கும் நாள் என்பது நமக்குத் தெரியாது. உள்ளே இருபது பெண்களாவது தரையில் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவர் மடியிலும் துணிப்பை. பைக்குள் சிட்டம் சிட்டமாக வெள்ளை நூல். அங்குப் பணியாளர் மூவர். மேசையில் பேரேட்டுடன் நிலையப் பொறுப்பாளர். ஒரு மூலையில் இராட்டைகளைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கும் இளைஞர். நடுவில் தராசின் முன் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். நூற்பவர்கள் அவரைத் 'தராசு அக்கா' என்றே அழைத்தனர். அவரைவிட மூத்தவர்களும் அப்படியே அழைத்ததைக் கேட்டு வியந்தோம்.

"வாங்க சாமி, செத்த உக்காருங்க. நெறை பாத்து முடிச்சிருதேன்" என்றார் அவர். நமக்காக வேலையை நிறுத்தவில்லை. உட்கார்ந்தோம்.

அன்று அந்தத் தராசைக் கண்டு கற்றதை இங்கே சொல்லிவிட வேண்டும். கதர்க் கணக்கில் ஒரு சிட்டம் என்பது ஆயிரம் மீட்டர் நூல். அந்த ஆயிரம் மீட்டர் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைக் கொண்டே நூலின் எண் குறிக்கப்படுகிறது. ஒரு கிலோ எடைக்கு முப்பத்து மூன்று சிட்டம் நின்றால் அது 33-ஆம் எண் நூல். ஒரு சிட்டம் ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். தடித்த நூல் எடை கூடும், எண் குறையும். மெல்லிய நூல் எடை குறையும், எண் ஏறும். எடை பார்த்த பின் அம்மையார் சிட்டத்தை இரு கைகளிலும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓர் இழையை உருவி, இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்ப்பார். முறுக்குக் குறைந்த இழை ஓசையின்றி விலகிவிடும். முறுக்கேறிய இழை சுருண்டு நிற்கும். சரியாக நூற்ற இழை கொஞ்சம் எதிர்த்து நின்று அறும். அதன் பிறகே பொறுப்பாளரிடம் எண்ணைச் சொல்லுவார். அவர் பேரேட்டிலும், நூற்றவரின் கையேட்டிலும் எழுதுவார். கூலி பின்னர் வங்கிக் கணக்கில் சேரும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. 1925-இல் காந்தியடிகள் அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தொடங்கினார். நாட்டுப்புறத்து வீட்டில் வைத்து இயக்கத்தக்கதும் மிகுதியாக நூல் தரத்தக்கதுமான இராட்டையைச் செய்பவர்க்கு ஒரு இலட்சம் ரூபாய் பரிசு என்று 1929-இல் அச்சங்கம் அறிவித்தது. அன்று அது பெருந்தொகை. நாடெங்கும் பலர் முயன்ற அத்துறையில், 1940-களின் இறுதியில் பல கதிர்கள் கொண்ட இராட்டையை உருவாக்கியவர் நம் திருநெல்வேலிச் சீமைப் பாப்பாங்குளத்து ஏகாம்பரநாதன். அவர் பெயரிலிருந்தே அதற்கு 'அம்பர்' சர்க்கா என்று பெயர் வந்தது. இன்று அம்மூதாட்டிகள் வீட்டில் சுழல்வது அதன் வழிவந்த எட்டுக் கதிர் இராட்டை.

இராட்டை நம் சீமையது. பருத்தியோ இன்று நம் சீமையது அன்று. இக்கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி ஒரு காலத்தில் 'தின்னவேலிப் பருத்தி' என்று கடல் கடந்து பெயர் பெற்றிருந்தது. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திப் பஞ்சம் வந்தபோது இங்கே அதன் விலை ஏறியது. 1901-இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் இம்மண்ணின் பயிர்களை முன்னிட்டே. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் பக்கத்து எட்டயபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கி, அது நொடித்து, வறுமையோடு 1898-இல் மறைந்தார். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1908-இல் தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்திக் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்தார். இவ்வட்டாரத்தில் நூலின் கதை எப்போதுமே கூலியின் கதையாகவும் இருந்து வந்திருக்கிறது. பின்னர் விரைந்து ஓடும் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டியதாயிற்று. குட்டை இழைக் கருங்கண்ணி மெல்ல மெல்ல ஒதுங்கியது. கதர் நிலையங்களுக்கான பஞ்சுப் பட்டை இன்று கேரளத்துக் குற்றூர், கருநாடகத்துச் சித்திரதுர்க்கம் ஆகிய இடங்களிலுள்ள கதர் ஆணைய ஆலைகளிலிருந்து வருகிறது. பருத்திக் காட்டு நடுவே உட்கார்ந்து வெளியூர்ப் பஞ்சை நூற்கிறார்கள் நம் பெண்கள்.

அன்றைய வரிசையில் கடைசியாக ஒரு மூதாட்டி வந்தார். எழுபதைத் தாண்டியவர். பையில் பத்துச் சிட்டம். தராசு அக்கா ஒவ்வொன்றாக எடுத்தார், விரித்தார், இழுத்தார். முதல் மூன்றும் தேறின. அடுத்த ஏழும் தேறவில்லை. ஓரிடம் புழுப்போல் தடித்தும், அடுத்த இடம் மயிரிழைபோல் மெலிந்தும் இருந்தன. அவர் ஏழையும் தனியே வைத்தார். "ஏழு கழிவு ஆச்சி" என்றார்.

நமக்குப் பொறுக்கவில்லை. "முதியவர். கண் மங்கியிருக்கும். இந்த ஒரு முறை எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டோம். கேட்ட குரலில் பங்குத் தந்தையின் அதிகாரமும் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்; கட்டடமும் நம்முடையதன்றோ!

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "எடுத்துக்கிடலாம் சாமி. பேரேட்டுல எழுதிட்டா இங்கன முடிஞ்சிரும். ஆனா தறியில போயி இது அறுந்து அறுந்து நிக்கும். அங்க நெய்யிறவரும் கூலிக்குத்தான நெய்யிறாரு? அவரு நாளு போயிரும்லா?"

நாம் மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில் மூதாட்டியே பேசினார். "அது சொல்லுறது சரிதான் சாமி. போன மாசம் நல்லா இருந்தத நல்லா இருக்குன்னு எழுதுச்சு. இப்பம் நல்லா இல்ல."

மக்கள் கலைந்து சென்றனர். நாம் கடிதத்தை எடுக்கவில்லை. எடுக்கத் தக்க நேரம் வரட்டும் என்று காத்திருந்தோம். மாலை ஐந்தானதும் பொறுப்பாளர் பேரேட்டை மூடினார். பணி நேரம் முடிந்தது. மூவரும் வீட்டுக்குப் புறப்படுவர் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ அந்த ஏழு சிட்டங்களையும் எடுத்து நடுவில் வைத்துக்கொண்டு அமர்ந்தனர். பொறுப்பாளர் நூலைச் சுற்றும் சட்டத்தை இழுத்துப் போட்டார். அம்மையார் தடித்த இடம் வரும்போதெல்லாம் அறுத்து நீக்கி, மறு இழையை ஒட்டினார். ஒட்டியதே தெரியவில்லை. மூதாட்டி பக்கத்தில் அமர்ந்து நீக்கிய துண்டுகளை ஒரு பெட்டியில் சேர்த்தார். அப்பெட்டித் துண்டுகள் விளக்குத் திரிக்குப் போகுமாம். நம் ஆலயத்து விளக்குக்கும், சக்கதேவி கோயில் விளக்குக்கும் திரி அங்கிருந்தே வருகிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். ஏழு சிட்டத்திலிருந்து நான்கு தேறின. அவை அடுத்த புதன்கிழமைக் கணக்கில், மறுபடியும் தராசில் ஏறி, முறைப்படி எழுதப்படும் என்றார் பொறுப்பாளர்.

இளைஞர் மட்டும் அங்கில்லை. கருவிப் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் மூதாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தார். அரைமணி கழித்து வந்து ஒரு கதிரை மேசைமேல் உருட்டினார். அது நேராக உருளாமல் நொண்டியது. "கதிரு வளைஞ்சிருக்கு. பேரப் பிள்ள மேல ஏறி வெளையாண்டிருக்கான். ஆச்சி கண்ணுல கொற இல்ல" என்றார். மூதாட்டி சிரித்தார். அச்சிரிப்பில் இருந்த ஆறுதலை நாம் எளிதில் மறக்க மாட்டோம். கண் போய்விட்டது என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார் போலும். நாமோ அந்த நம்பிக்கைக்குப் பரிவு என்று பெயரிட்டு முத்திரை குத்த இருந்தோம்.

குருமடத்தில் நீதியைப் பற்றிப் பல மாதம் படித்தோம். பரிமாற்று நீதி, பங்கீட்டு நீதி என்று வகுத்துப் படித்தோம். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடலைத் தேர்வுக்காக மனப்பாடமே செய்தோம். நீதியும் இரக்கமும் ஒன்றையொன்று முறிப்பதில்லை என்று விடைத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். எவ்வாறு முறிப்பதில்லை என்று யாரேனும் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது. இரக்கம் தராசுத் தட்டில் ஏறக் கூடாது. ஏறினால் நெய்பவர் நாள் போகும், நூற்றவர் மதிப்பும் போகும். இரக்கத்துக்கு உரிய நேரம் பேரேடு மூடிய பின் வருகிறது. அதற்குச் சம்பளம் இல்லை. இதனை நமக்குச் சொல்லாமல் செய்துகாட்டியவர்கள் அந்த மூவர்.

இருட்டும் வேளையில் மூதாட்டியைத் தெருமுனை வரை துணையாகக் கூட்டிச் சென்றோம். நம் திட்டத்தை மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தோம். "நூல் கடை இல்லாமல் போய், அதற்கு ஈடாக மாதம் ஐந்நூறு ரூபாய் கோயிலிலிருந்து கொடுத்தால் என்ன ஆச்சி?"

அவர் சற்று நின்றார். "குடுத்தா வேண்டாம்னு சொல்லமாட்டேன் சாமி. அரிசி ரேசன்ல போடுதாக. அதுவும் வாங்கத்தான் செய்யுதேன். ஆனா அதெல்லாம் குடுக்கிறது. இது நான் எழுதி வாங்கினது." மடியிலிருந்து கையேட்டை எடுத்துக் காட்டினார். ஓரம் மஞ்சளேறிய ஏடு. தேதி, எண், சிட்டம், கூலி, கழிவு. அன்றைய வரியில் 'ஏற்பு 3, கழிவு 7' என்று இருந்தது. அந்த ஏழையும் அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. "கழிவும் இதுல எழுதியிருக்குல்லா. அதனாலதான் இந்த மூணும் மூணுன்னு நம்பலாம்" என்றார்.

கடிதம் சட்டைப் பையிலேயே வீடு திரும்பியது.

அம்மாதம் 30-ஆம் நாள் நூல் கடையில் கூட்டு நூற்பு. காந்தியடிகள் மறைந்த நாள்; ஜே.சி.குமரப்பா மறைந்ததும் அதே நாள்தான், 1960-இல். தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனில் கணக்காயர் படிப்புப் படித்து, மேல்நாட்டு உடையைக் களைந்து காந்தியடிகளோடு சேர்ந்தவர் அவர். இறுதி ஆண்டுகளை இங்கிருந்து வடக்கே தே.கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று சிறையிலிருந்து நூல் எழுதிய அக்கணக்காயர், நாம் போட்ட 14,000 ரூபாய்க் கணக்கைப் பார்த்திருந்தால் எந்த இடத்தில் சிவப்புக் கோடு இட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டே கூட்டத்துக்குப் போனோம். அவர்கள் நம்மையும் ஓர் இராட்டையின் முன் அமர்த்தினர். முற்பகல் முழுவதும் முயன்று, அறுந்தும் ஒட்டியும், ஒரு சிட்டம் சேர்த்தோம். தராசு அக்கா நிறுத்தார்: 41 கிராம். விரித்தார், இழுத்தார், ஓசையின்றி விலகியது. சுற்றியிருந்த பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டனர்.

"கழிவு சாமி" என்றார். முகத்தில் சிரிப்பில்லை, ஏளனமும் இல்லை. பிறகுதான் பக்கத்தில் அமர்ந்து, இழை ஒட்டும்போது இடக்கை விரலை எங்கு வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

பங்குப் பேரவை கூடியபோது செய்தியை உள்ளபடியே வைத்தோம். எதிர்ப்பு கடுமையாகவே வந்தது. அதில் நியாயமும் இருந்தது. "முப்பத்தொரு பேருல நம்ம ஆளுக ஆறு பேருதான சாமி" என்றார் ஒருவர். அதற்கு விடை சொல்வது எளிதாக இருந்தது. "எம் மக பத்தாவது படிக்கா. அவ தண்ணி குடிக்காமப் பள்ளிக்கூடம் போறா. நூலா, பிள்ளையா?" என்றார் ஒரு தாய். அதற்கு விடை எளிதாக இல்லை, இன்றும் இல்லை. மூன்று கூட்டங்கள் நடந்தன. முடிவில், கட்டடம் நூல் கடைக்கே மேலும் மூன்று ஆண்டுகளுக்கு என்றும், சங்கம் வாடகையை 1,500 ரூபாயாக உயர்த்தித் தருவது என்றும், கழிப்பறைக்கு வேறு வழியில் நிதி திரட்டுவது என்றும் தீர்மானம் ஆயிற்று. உடைந்த கதவை அந்த வாரமே மாற்றினோம். நகைக்கடன் நிறுவனம் எதிர்ச் சாரியில் வேறு இடம் பிடித்துக்கொண்டது.

நிதி திரண்டு, கழிப்பறை கட்டி முடிய 2024 நவம்பர் ஆகிவிட்டது. முன்பணம் வாங்கியிருந்தால் 2023 சூனில் பள்ளி திறக்கும்போதே முடித்திருக்கலாம். இடைப்பட்ட அந்த ஒன்றரை ஆண்டு பிள்ளைகள் பட்ட சிரமம் நம் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். அந்தத் தாயின் மகள் அதற்குள் பத்தாவது முடித்துப் போய்விட்டாள். நாம் செய்தது சரியென்று நம்புகிறோம். அதன் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது. கழிவும் எழுதப்பட்டால்தான் ஏற்பை நம்பலாம் என்று மூதாட்டி சொல்லியிருக்கிறார் அன்றோ!

நூல் கடைக்கு எல்லாம் நலமாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. நூற்புக் கூலி 2023 ஏப்ரலில் 10 ரூபாய், 2024 அக்டோபர் 2-இல் 12 ரூபாய் 50 காசு, 2025 ஏப்ரலில் 15 ரூபாய் என்று உயர்ந்தது. இரண்டே ஆண்டில் இருமடங்கு. ஆயினும் முப்பத்தொருவர் பத்தொன்பதாகிவிட்டனர். இளம்பெண்களை ஆலை வேன்கள் விடியுமுன் வந்து அள்ளிச் செல்கின்றன. ஆலையில் கிடைக்கும் கூலி கூடுதல். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. இராட்டை பழுது பார்த்த இளைஞர் இப்போது மூன்று நிலையங்களுக்கும் ஒருவராகச் சுற்றி வருகிறார். போகும் வீட்டில் இராட்டையோடு முதியோர் ஓய்வூதிய மனுவையும், வங்கியிலிருந்து வந்த கடிதத்தையும் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறார். அந்த மூதாட்டி இன்னும் நூற்கிறார். கதிர் மாற்றியபின் கழிவு குறைந்துவிட்டது.

நமக்கு 2025 மே மாதம் மாற்றல் வந்தது. அதற்கு முன் அவ்வாண்டுச் சனவரி 30 கூட்டு நூற்பில் மறுபடியும் அமர்ந்தோம். இடையில் மாலை வேளைகளில் அங்கு போய்ச் சிறிது பழகியிருந்தோம். ஒரு சிட்டம் சேர்ந்தது. தராசு அக்கா நிறுத்தார்: 32 கிராம். விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓர் இடத்தில் நின்று பார்த்தார். இழையை உருவி இழுத்தார். அது கொஞ்சம் எதிர்த்து நின்றது; பிறகு அறுந்தது.

"எழுதிக்கிடுங்க" என்றார் பொறுப்பாளரிடம்.

பொறுப்பாளர் தயங்கினார். பதிவேட்டில் பெயர் இல்லாதவர்க்குக் கூலி எழுத விதியில்லை. அம்மையாரும் விதியை வளைக்கச் சொல்லவில்லை. சிறு சீட்டு ஒன்றில் தேதி, நிறை, எண் ஆகியவற்றை அவரே எழுதினார். 'ஏற்பு 1' என்று குறித்தார். 'கூலி' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். நம் சிட்டத்தை மற்றவர்களுடைய சிட்டங்களோடு சேர்த்துக் கட்டி நெசவுக்கு அனுப்பும் மூட்டையில் வைத்தார். எந்தத் தறியில் ஏறி, எந்தத் துண்டில் இழையாகப் போயிற்றோ, அறியோம். நெய்தவர் கையில் அது அறாமல் சென்றிருக்க வேண்டும் என்பதே நம் கவலை. அச்சீட்டு நம் செபப் புத்தகத்தின் நடுவில் இருக்கிறது.